முத்திருளன் குறைத்த நாலு கிலோ

சுண்டங்குளத்து ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அது ஒன்றுதான் அவர்களுக்கு வியாதி.

அந்த ஊர் வெள்ளைச்சாமி மகள் செவ்வந்திக்கு ஸ்வீடன் நாட்டில் ஒரு பால் கம்பெனியில் பத்து மாதப் பயிற்சி கிடைத்தது. அவள் சென்னையில் விசாவுக்காக அலைந்துகொண்டிருந்தாள். பெட்டி கட்டுகிற பொறுப்பு வீட்டில் மூன்று பேர் தலையில் விழுந்தது. அப்பா வெள்ளைச்சாமி, அம்மா பஞ்சவர்ணம், அம்மாவின் தம்பி முத்திருளன்.

செவ்வந்தி போனில் தெளிவாகத்தான் சொன்னாள். "அப்பா, ஜனவரியில போய் இறங்கும்போது பனி கொட்டும். ஏப்ரல்ல மழை தூறும். ஜூன்ல கோடை, ஆனா நம்ம மார்கழி மாதிரிதான் இருக்கும். அக்டோபர்ல இலையெல்லாம் உதிரும். எல்லாக் காலத்துக்கும் வேண்டியதை வைங்க. பெட்டி மட்டும் இருபத்து மூணு கிலோவுக்கு மேல போயிரக் கூடாது. ஏத்த மாட்டாங்க. பெட்டி இல்லாமப் போனா நான் அங்க விறைச்சே போயிருவேன்."

கடைசிப் பேச்சைக் கேட்டதும் பஞ்சவர்ணம் அழுதாள். அழுது முடித்ததும் மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மழைக்குக் குடை. சரி. இலை உதிர்வதற்கு?

"ஈக்குமாறு," என்றார் வெள்ளைச்சாமி.

"ஒண்ணு போதுமா அத்தான்? இலையெல்லாம்னு சொன்னாளே," என்றார் முத்திருளன்.

இரண்டு வைத்தார்கள்.

பனிக்கு வாங்கிய புது ஸ்வெட்டரைச் சோதித்துப் பார்க்காமல் வைப்பதா? காலையில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மத்தியானம் எடுத்தார்கள். தொட்டால் சில்லென்று இருந்தது.

"தனக்கே குளிர் தாங்கல. இது எங்க எம்பிள்ளைக்குத் தாங்கப் போகுது?" என்றாள் பஞ்சவர்ணம்.

அதற்குத் துணையாக இன்னும் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி. அப்புறம், எந்தக் காலமானாலும் பசிக்கும் என்று அதிரசம், முறுக்கு, சீடை. முத்திருளன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துதான் பூட்ட முடிந்தது.

எடை போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆள் நிற்கிற மிஷின் அது. பெட்டியை வைத்தால் முள்ளே தெரியவில்லை. நர்ஸம்மா முத்திருளனைத் தனியாக ஏற்றிப் பார்த்தார். எழுபத்து நாலு.

"ஆள் எழுபத்து நாலு, பெட்டி இருபத்து மூணு. பெட்டியைத் தூக்கிட்டு நில்லுங்க. தொண்ணூத்தி ஏழு காட்டினா சரி," என்று சொல்லிவிட்டு ஊசி போடப் போய்விட்டார்.

முள் நூற்றியொன்றில் நின்றது. நாலு கிலோ கூடுதல்.

வீட்டுக்கு வந்து ஆலோசித்தார்கள்.

"கம்பளிய எடுப்போமா?"

"எடுத்தா விறைச்சுப் போவா."

"ஈக்குமாறு?"

"வாசல் கூட்டாத பொண்ணுன்னு மானம் போயிரும்."

"முறுக்கு?"

பஞ்சவர்ணம் மறுபடி அழத் தயாரானாள். உடனே அந்தப் பேச்சை விட்டார்கள்.

வெள்ளைச்சாமி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "முள் தொண்ணூத்தி ஏழு காட்டணும். பெட்டியில கைவைக்க முடியாது. மிஷின்மேல பெட்டி போக வேற என்ன இருந்துச்சு?"

இரண்டு பேரும் முத்திருளனைப் பார்த்தார்கள்.

அவர் தொப்பையைத் தடவிக்கொண்டார். "சரி. மத்தவன் தாய்மாமன் சீரை நகையாப் போடுவான். நான் உடம்பாப் போடுறேன்."

ஒன்பது நாள் கஞ்சித் தண்ணீர். வடை சுடுகிற தெருப்பக்கம் போகாதபடி வெள்ளைச்சாமி காவல் இருந்தார். ஒரு நாள் முத்திருளன் கருவேப்பிலையை வாயில் போட்டுவிட்டார் என்று பஞ்சவர்ணம் வாயைத் திறக்கச் சொல்லித் துப்ப வைத்தாள். "டேய், அது பெட்டியில ஏறிரும்டா!"

பத்தாம் நாள் முள் சரியாகத் தொண்ணூற்றி ஏழில் நின்றது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வேன் பிடித்துச் சென்னை விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள்.

கவுண்டரில் பெட்டியை வைத்தாள் செவ்வந்தி. இருபத்து ஏழு.

"தம்பி, அத ஒத்தையில நிக்க வச்சா அப்படித்தான் காட்டும்," என்று முத்திருளன் கவுண்டர்ப் பையனிடம் பொறுமையாக விளக்கினார். "நான் தூக்கிட்டு நிக்கணும்." சொன்னதோடு நிற்காமல் பெட்டியோடு எடைப் பலகையில் ஏறியும் விட்டார். "பாத்தீங்களா? தொண்ணூத்தி ஏழு!"

பையன் செவ்வந்தியைப் பார்த்தான். செவ்வந்தி மாமாவைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

பெட்டியைத் திறந்து அதிரசம், முறுக்கு, சீடை டப்பாக்களை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சரியாக நாலு கிலோ. "எனக்காகப் பட்டினி கெடந்தீங்கள்ல மாமா, இத நீங்களே சாப்பிடுங்க. ஒண்ணு விடாம."

பெட்டி இருபத்து மூன்று காட்டியது. அவளும் பறந்தாள்.

சொன்ன சொல்லைத் தட்டுவாரா முத்திருளன்? செங்கல்பட்டு வருவதற்குள் டப்பாக்கள் காலி. பஸ் ஸ்டாண்டில் கலர் பல்பு எரிகிற எடை மிஷினைப் பார்த்ததும் வேனை நிறுத்தி ஏறி நின்றார். சீட்டு வந்தது. எழுபத்து நாலு.

வெள்ளைச்சாமிக்கு முகம் வெளுத்தது. "மாப்ளே! நீ எழுபத்து நாலுன்னா பெட்டியோட சேத்து?"

"நூத்தியொண்ணு..."

மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். பிள்ளை விமானத்தில் இருக்கிறாள். மேலே பெட்டியில் நாலு கிலோ ஏறிவிட்டது!

வெள்ளைச்சாமி உடனே விமான நிலையத்துக்குப் போன் போட்டார். "ஐயா, டிரைவர்கிட்ட கொஞ்சம் தாழவே ஓட்டச் சொல்லுங்க. பெட்டி கூடிருச்சு. பதற வேணாம், ஆள ஓட விட்டிருக்கோம், எறங்குறதுக்குள்ள கொறைச்சிருவோம்."

மறுநாள் செவ்வந்தியிடமிருந்து போன் வந்தது. பத்திரமாக வந்துவிட்டாளாம். பெட்டியும் வந்துவிட்டதாம்.

பின்னாலேயே ஊர்ந்து வந்த வேனுக்குள் இருந்து பஞ்சவர்ணம் தலையை நீட்டினாள். "டேய், போதும்டா. ஏறிக்கோ."

அப்போது முத்திருளன் திண்டிவனத்தைத் தாண்டியிருந்தார்.