கரி கக்கிய காற்று

சதுப்பு நிலத்து மேட்டில் ஒரு பெருச்சாளிக் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது. அப்பன் பெயர் கொழுவன், அம்மா பெயர் சாம்பி. மழை விட்டும் வெள்ளம் வடியவில்லை. அந்த மேட்டை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. வளையின் அடியிலோ சேற்றிலிருந்து கெட்ட காற்று கசிந்தது. குட்டிகள் தலை தூக்க முடியாமல் கிடந்தன.

"ஐயோ, என் பிள்ளைகள் பிழைக்காது போலிருக்கே!" என்று சாம்பி அழுதாள்.

பக்கத்துப் புதரில் முள்ளி என்ற முள்ளம்பன்றி இருந்தாள். அவள் ஒரு வழி சொன்னாள்.

"இடி விழுந்து எரிஞ்ச மரத்தடியில கரி கிடக்கு. வளைக்குள்ள கொண்டுபோய்ப் போடுங்க. கரி பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. கெட்ட காற்று அதுல போய் ஒட்டிக்கும். ஓட்டை நிறைஞ்சா வெளியே எடுத்து வெயில்ல போடணும். சூடு பட்டா பிடிச்சதைக் கக்கிடும். மறுபடி உள்ளே போடலாம்."

அப்படியே செய்தார்கள். குட்டிகள் எழுந்தன, பால் குடித்தன, ஒன்றன் வாலை ஒன்று கடித்தன. சாம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொழுவனுக்குத்தான் நிம்மதி இல்லை. கரியை வெயிலில் போட்டால் மேட்டு எலிகள் தூக்கிக்கொண்டு போய்விடுமாம்! எலிக் குஞ்சுகளும் மூச்சுக்குத் திணறிக்கொண்டுதான் இருந்தன. அதைப் பற்றி இந்தக் கருமிக்கு என்ன கவலை?

கரியின் ஓட்டைகள் நிறைந்தன. குட்டிகள் மறுபடி துவண்டன. சாம்பி இரை தேடப் போயிருந்தாள். முள்ளி ஓடிவந்து கத்தினாள்.

"கொழுவா, கரியை வெளியே எடு!"

"சூடுதானே வேணும்? உள்ளேயே காட்டிக்கிறேன். உன் வேலையைப் பாரு, போ!"

வெயிலில் கொதித்த கற்களை அவன் உள்ளே உருட்டிக் கரிமேல் அடுக்கினான். எலி நுழையாதபடி வாசலை மண்ணால் அடைத்தான். வெளியே அங்கேயே காவலுக்குப் படுத்தான்.

உள்ளே கரி சூடேறியது. விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரேயடியாகக் கக்கியது.

சாம்பி வந்து மண்ணைப் பிறாண்டித் தள்ளினாள். குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

"நான் இந்த இடத்தை விட்டு நகரலை, சாம்பி! ஒரு எலிகூட உள்ளே போகலை!"

"காற்றும்தான் போகலை, பாவி!" என்று அவள் அலறினாள்.

நஞ்சைப் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பிடித்ததை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யோசிக்காதவன் வீட்டில் அதுவே எமனாகும்.