கரண்ட் இல்லாமல் நிலாவில் இறங்கியவன்

கோமதிநாயகத்தின் புளுகால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாகத் தென்காசிக்குப் பெண் பார்க்கப் போனபோது, வாயைத் திறக்கக் கூடாது என்று அவன் அம்மா பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கிவிட்டாள். நண்பன் என்ற முறையில் நானும் கூடப் போயிருந்தேன். காப்பி குடித்து முடிக்கும் வரை சத்தியம் நின்றது.

பெண்ணின் சித்தப்பா சங்கரலிங்கம், "தம்பி வீட்டுல கம்ப்யூட்டர் இருக்காமே?" என்றார்.

"அண்ணன் துபாய்ல இருந்து கொண்டாந்தது மாமா. டிவியில மாட்டி, கேசட் போட்டு ஏத்துனா, நிலாவுல ராக்கெட் எறக்குற வெளையாட்டு வரும். வேகமா வந்தா நொறுங்கிரும். மெதுவா வந்தா எண்ணெய் தீந்துரும்."

அம்மா தொடையில் கிள்ளினாள். அவன் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"எல்லாருக்கும் பாதியிலேயே எண்ணெய் தீந்துரும். நான் எறங்குனப்போ, பொறப்பட்டதைவிட ரெண்டு லிட்டர் கூட இருந்துச்சு."

"அது எப்படிவே?"

"விட்ட புகையை மறுபடி உறிஞ்சிக்கிட்டேன்."

பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார். அதைப் பாராட்டு என்று இவன் எடுத்துக்கொண்டான்.

"ஒரு நாள் பாதி வழியில கரண்ட் போச்சு. நான் விடலையே. இருட்டு டிவியைப் பாத்துக்கிட்டே ரெண்டு மணி நேரம் ஓட்டுனேன். கரண்ட் வந்தப்போ ராக்கெட் தரைக்கு நாலடி மேல நிக்கி."

சங்கரலிங்கம் விடவில்லை. "எங்க ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர் இருக்கு. கரண்ட் போனா எல்லாம் அழிஞ்சிரும். மறுபடி கேசட் போட்டு ஏத்தணும்லா?"

"போனது அதுக்குத் தெரிஞ்சாத்தானே மாமா? நான் சொல்லவே இல்லையே!"

"அப்புறம்?"

"எறங்குன வேகத்துல டிவிக்கு முன்னால ஒரே புழுதி. அம்மா ரெண்டு முறம் அள்ளிக் கொட்டுனா. எல்லாம் நிலா மண்ணு."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். சங்கரலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "பொழுது இருக்கையிலேயே பொறப்படுங்க. இங்க சரிப்படாது."

அப்போது உள்ளறையிலிருந்து பெண் உலகம்மாள் வெளியே வந்தாள். மாப்பிள்ளையை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அவங்க சொல்லுதது நெசந்தான் சித்தப்பா. அன்னைக்கு நான் அங்ஙன நிலாவுலதான் கோலம் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு சத்தங்கூடக் குடுக்காம அதுமேலேயே கொண்டாந்து எறக்கிட்டாங்க."

கோமதிநாயகம் உள்ளங்காலைத் திருப்பி, கோலமாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான்.

அவன் அம்மா அவசரமாக எழுந்து உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வர்ற தையிலேயே வச்சிருவோம்," என்றாள்.