மூக்கு: சாதாரணம்

கொள்ளிடக் கரையில் சடையப்ப சாமியின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு அடிபம்பு, பின்னால் இடுகாடு. ஆற்றில் மிதந்து வரும், கேட்க ஆளில்லாத பிணங்களைப் போலீஸ் அனுமதியோடு வாங்கிக் குளிப்பாட்டிப் புதைப்பதுதான் அங்கே பூசை, தியானம் எல்லாம்.

புதைக்குமுன் ஒவ்வொருவரின் அங்க அடையாளத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார்கள். என்றைக்காவது யாராவது தேடி வரலாம் இல்லையா. எழுதுகிற வேலை சீடன் நல்லபெருமாளுடையது.

அவனுக்கு முப்பத்து நாலு வயது. மூக்குத்தண்டின் நடுவில் ஒரு புடைப்பு. பள்ளிக்கூடத்தில் அதை வைத்து அவனைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதன் பிறகுதான் மடத்துக்கு வந்தான். வந்தும் அந்த வலி விடவில்லை. வாளியில் தண்ணீர் நிறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஐப்பசியில் ஒரு நாள் சாமியிடம் கேட்டான்.

"சாமி, திருச்சியில ஒரு டாக்டர் இந்த எலும்பைச் சீவி மட்டமாக்கிடுவாராம். அண்ணன் ஏற்பாடு பண்ணியிருக்கார். செஞ்சுக்கலாமா?"

"வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க. முதல்ல அவங்களுக்கு நோட்டைப் படி."

வந்தவள் பெயர் அஞ்சலை. கால் முழுக்கப் புழுதி.

"என் மவன் சின்னராசு, தம்பி. ஆடிப்பெருக்கு முடிஞ்சு நாலாம் நாள் கோவிச்சுக்கிட்டுப் போனான். வயசு நாப்பது."

ஆடி மாதத்தில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. நல்லபெருமாள் வாசித்தான்.

"ஆண். வயது நாற்பது இருக்கலாம். மாநிறம். நல்ல உயரம். உடம்பில் துணி இல்லை."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூக்கு எப்படின்னு போட்டிருக்கு?"

அவன் சற்றுத் தயங்கினான். நோட்டில் இருந்ததையே வாசித்தான்.

"சாதாரணம்."

"அப்ப இது அவன் இல்ல. என் மவனுக்கு மூக்குல மேடு இருக்கும். இதோ, அச்சு அசலா உனக்கு இருக்கிற மாதிரியே." கையை நீட்டி அவன் மூக்கைத் தடவினாள். "கைக்குழந்தையில இதைத் தடவிக் குடுத்தாதான் தூங்குவான்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"எங்கயோ உசுரோட இருக்கான் தம்பி. அடுத்த ஊர்ல தேடுறேன். இன்னிக்குத்தான் சோறு இறங்கும்."

கும்பிட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். நல்லபெருமாள் நோட்டை மூடாமல் நின்றான்.

"அவரைக் குளிப்பாட்டினது நீதானே?" என்றார் சாமி.

"ஆமா சாமி."

"மூக்கு சாதாரணமாவா இருந்துச்சு?"

அவன் அந்தப் பதிவின் மேல் விரலை வைத்தான்.

"இல்ல. முகம் ஊதிப்போய்க் கண்ணுக்குத் தெரியல. துடைக்கும்போது விரல்ல தட்டுப்பட்டுச்சு. எனக்கு இருக்கிற மாதிரியே."

"அப்புறம்?"

"உசுரோட இருந்தப்ப எத்தனை பேர் சிரிச்சிருப்பாங்க சாமி. செத்த பிறகாவது அந்தப் பேச்சு வேணாம்னு அப்படி எழுதிட்டேன். அவருக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியும்."

சாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"நீ திருச்சிக்குப் போ. உன் மூக்கு, உன் இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நல்லபெருமாள் நிமிர்ந்து பார்த்தான். சாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா அந்தம்மாவுக்கு பஸ் வர இன்னும் கால் மணி இருக்கு. அவங்க மவன் மூக்கை நீ சீவினதை முதல்ல போய்ச் சொல்லிட்டு வா."