எதிர்மலைக்குப் புகை

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பவழம்னு பேரு. ம் கொட்டிக்கிட்டே கேளு கண்ணு, அப்பத்தான் நீ முழிச்சிருக்கிறது எனக்குத் தெரியும். ம்... ஆங், அப்படித்தான்.

பவழம் அடிவாரத்து ஊர்ல, பள்ளிக்கூட விடுதியில தங்கிப் படிச்சா. அவ அம்மா முத்துராக்கு மலை மேல எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து பறிக்கிறவ. தீபாவளிக்கு ஒரு தடவ, பெரிய லீவுக்கு ஒரு தடவ, அவ்வளவுதான் ரெண்டு பேரும் பாத்துக்கிறது. அந்த வருசம் தீபாவளிக்கு ஒரே மழை. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு, தடதடன்னு பாறை உருண்டு, பஸ்ஸே ஓடல. மத்த புள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. பவழம் மட்டும் விடுதி ஜன்னல்ல உக்காந்து, மலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டிருந்தா.

அப்புறம் மழை போயி குளிர் வந்துச்சு. ஒரு நாள் ஸ்டெல்லா டீச்சர் வகுப்புக்கு வந்து, "நாம எல்லாரும் மலைக்கு முகாம் போறோம்"னு சொன்னாங்க. "அந்தக் காலத்துல ரோடு கிடையாது, லைட்டு கிடையாது. முதல் முதல்ல அந்தக் காட்டுக்குள்ள போனவங்க எப்படிப் பொழைச்சாங்கன்னு நாமளும் அங்க இருந்து பாக்கப் போறோம்."

அது அம்மா எஸ்டேட்டுக்கு நேர் எதிர்மலைன்னு பவழத்துக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம அம்மா போன் பண்ணுனா. "அம்மா, நான் வர்றேன். எதிர்மலைக்கு முகாம் வர்றோம்."

அம்மா, "அந்தப் பக்கமா? நடுவுல பள்ளத்தாக்கு கிடக்கே தங்கம். கீழ எறங்கி, பஸ் மாறி, மறுபடி ஏறணும். லீவு கேட்டுப் பாக்குறேன்"னா. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பேசுனா. "கொழுந்து நல்லா வர்ற நேரம், லீவு இல்லன்னுட்டாங்க"ன்னா.

ம்? முழிச்சிருக்கியா? ம்.

முகாமுக்குப் போற நாள் வந்துச்சு. பஸ்ஸு ர்ர்ர்னு வளைஞ்சு வளைஞ்சு ஏறுச்சு. பவழத்துக்குப் பக்கத்துல அவ சிநேகிதி நிலோஃபர். மேல போயி எறங்குனா, காடு. முதல் நாள் கம்பு நட்டு, புல்லு அறுத்து, குடிசை போட்டாங்க. அட்டைப்பூச்சி கால்ல ஏறி ரத்தம் குடிச்சுது, உப்புத் தேய்ச்சதும் பொத்துன்னு விழுந்துச்சு. ஓடையில சலசலன்னு ஓடுற தண்ணியத் துணியில வடிகட்டிக் கொதிக்க வச்சாங்க. டீச்சர் சொன்னாங்க: "முதல்ல வந்தவங்க கைக்கொழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, கம்புத் தானிய மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு, நடந்தே ஏறுனாங்க. முன்னாடி போய்ச் சேந்தவங்க பச்சைத் தழையப் போட்டுப் புகை கிளப்புவாங்களாம். பின்னாடி ஏறிட்டிருக்கிறவங்க அதைப் பாத்து, நம்ம ஆளுங்க அங்கதான் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்குவாங்க."

பவழம் அதக் கேட்டுக்கிட்டே எதிர்மலையைப் பாத்தா. பச்சைச் சரிவுல, எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற லயன் வீடுங்க அரிசி சிந்துன மாதிரி வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சுது. அதுல ஒண்ணு அவளோடது.

மறுநாள் மத்தியானம் அந்தச் சரிவுல புள்ளி புள்ளியா ஆளுங்க நகர்ந்தாங்க. கொழுந்து பறிக்கிறவங்க. பவழம் பாறை விளிம்புக்குப் போயி, வாய்க்கு ரெண்டு பக்கமும் கைய வச்சு, "அம்மோவ்..."னு கூப்பிட்டா. பள்ளத்தாக்கு "மோவ்... மோவ்"னு திருப்பிச் சொல்லுச்சு. கீழ எங்கயோ ஒரு மந்தி உப்உப்னு கத்துச்சு. அவ்வளவுதான்.

அப்புறம் ஓடிப்போயி, போத்திக்கிற சிவப்புக் கம்பளிய எடுத்துட்டு வந்து படபடன்னு ஆட்டுனா. கை வலிக்கிற வரைக்கும் ஆட்டுனா. ஒரு புள்ளியும் நிக்கல.

பொழுது சாஞ்சா எல்லாரும் கொழுந்தை எடை போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. விடிஞ்சா இவங்க பஸ்ஸு கீழ எறங்கிடும். பவழம் குடிசைக்குத் திரும்பி வந்தா. அவளும் நிலோஃபரும் சோறு வைக்கிற முறை. அடுப்பு சடசடன்னு எரிஞ்சுது.

"நிலோ, நான் இதுல பச்சைத் தழை போடப் போறேன்."

"சோறெல்லாம் புகை நாறும்டி. எல்லாரும் திட்டுவாங்க."

"எங்கம்மா அங்க இருக்காங்க."

நிலோஃபர் அவ மூஞ்சியப் பாத்தா. துணியப் புடிச்சுப் பானையத் தூக்கித் தள்ளி வச்சா. அப்புறம் அவளே போயி ஒரு கை தழை ஒடிச்சுட்டு வந்தா.

பவழம் அதை அடுப்புல போட்டா. புஸ்ஸ்னு சத்தம். அப்போ குபுகுபுன்னு புகை கிளம்புச்சு, வெள்ளையா, தூண் மாதிரி. கண்ணு எரிஞ்சுது, இருமல் வந்துச்சு. டீச்சர் வேகமா வந்தாங்க. "யாரு தழை போட்டது?"

"நான்தான் டீச்சர். எங்கம்மா எதிர்மலையில கொழுந்து பறிக்கிறாங்க. தீபாவளிக்கும் பாக்கல."

டீச்சர் எதிர்மலையைப் பாத்தாங்க. புகையைப் பாத்தாங்க. போயி ஒரு வாளி தண்ணி கொண்டுவந்து அடுப்புப் பக்கத்துல வச்சுட்டு, "பொறி காட்டுப் பக்கம் பறக்காம நான் பாத்துக்கிறேன், நீ போடு"ன்னாங்க.

ம்... ம் சொல்லு.

பவழமும் நிலோஃபரும் பாறை விளிம்புக்கு ஓடுனாங்க. எதிர்ச்சரிவுல ஒரு புள்ளி நின்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் எல்லாமே நின்னுச்சு. அவங்க எல்லாரும் இடுப்புல சுத்தியிருந்த நீலப் படங்கை அவுத்தாங்க. மழைக்கும் பனிக்கும் கட்டிக்குவாங்களே, அந்தப் பிளாஸ்டிக் சீட்டு. அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சாங்க. பச்சை மலையில நீளமா ஒரு நீலக் கோடு.

"உங்கம்மா எது?"ன்னா நிலோஃபர்.

பவழத்துக்குத் தெரியல. எல்லாம் ஒரே நீலம். அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அப்போ அந்தக் கோட்டுல இருந்து ஒரே ஒரு நீலம் பிரிஞ்சு, மேல ஏறி ஏறி, ஒரு பாறை மேல போயித் தனியா நின்னுச்சு.

"அதுதான்"னா பவழம்.

அவ கையாட்டல. அந்த நீலமும் ஆடல. இந்தப் பாறையில இவ, அந்தப் பாறையில அம்மா. சும்மா நின்னாங்க.

அப்புறம் பள்ளத்தாக்குல இருந்து மூடுபனி மெல்ல மெல்ல எழும்பி வந்துச்சு. முதல்ல லயன் வீடுங்க போச்சு, அப்புறம் நீலக் கோடு போச்சு, கடைசியில அந்தப் பாறையும் போச்சு.

"இனிமே புகை தெரியாது, வா"ன்னா நிலோஃபர்.

"அவங்க போயிருக்க மாட்டாங்க"ன்னா பவழம். அடுப்புக்கு ஓடி வந்து, இன்னொரு கை தழை ஒடிச்சுப் போட்டா. வெள்ளைப் புகை வெள்ளைப் பனிக்குள்ள போயிக் கலந்துச்சு. எது புகை, எது பனின்னே தெரியல. இருந்தாலும் இருட்டுற வரைக்கும் போட்டுக்கிட்டேதான் இருந்தா.

ம்? ...ம் வரலையே.

சரி, மலைக்கதை பனியில மறைஞ்சு போச்சு. நீயும் கண்ண மூடிக்கோ, தூங்கு.