துக்கம் தின்ற குண்டான்

மரமும் மிருகமும் மனிதரோடு பேசிய காலம் அது. அந்தக் காலத்தில், ஒரு காட்டோரத்தில், சடையன் என்று ஒரு விறகுவெட்டி இருந்தான். மனைவி மருதாயி காய்ச்சலில் போய்விட்டாள். பொன்னாத்தா, குயிலி என்று இரண்டு பெண்பிள்ளைகள்.

பொழுது சாய்ந்தால் போதும், "அப்பா, இன்னைக்கு என்ன சோறு?" என்பார்கள். அவன் ஆக்கினால் ஒருநாள் குழையும், ஒருநாள் தீயும், ஒருநாள் வேகவே வேகாது. ஒரு வாய் வைத்ததும் பிள்ளைகள் அம்மாவை நினைத்து அழுவார்கள். அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் காட்டில், விழுந்த மரத்துக்கடியில் கால் மாட்டிக்கொண்ட ஒரு கரடியை விடுவித்தான். அது மாயக் கரடி. ஒரு செப்புக் குண்டானைக் கொடுத்தது.

"கேட்டதைச் சமைத்துத் தரும். ஆனால் வேளைக்கு வேளை உன் வீட்டுத் துக்கத்தைக் கொஞ்சம் தின்னும்."

"துக்கம்தானே? தின்னட்டும் சாமி!"

முதல் நாள் நெய்ச்சோறு வந்தது, அழுகை நின்றது. மறுநாள் மீன்குழம்பு வந்தது, சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் பாயசம். குடித்துவிட்டுப் பொன்னாத்தா துணிக்கொடியைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, அது யாரோட சேலை?"

சொல்ல வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. முகமும் வரவில்லை.

காட்டுக்கு ஓடினான். "துக்கத்தைத்தானே தரேன்னேன்! அவளையே கொண்டுபோயிடுச்சே!"

"இரண்டையும் பிரிக்க அதற்குத் தெரியாதப்பா" என்றது கரடி. "அவள் சமைத்த மாதிரி ஒரு வேளை உன் கையால் சமைத்துப் போடு. எல்லாம் திரும்பும். துக்கமும் திரும்பும், தாங்குவாயா?"

"வரட்டும்."

அடுப்பை மூட்டினான். என்ன சமைப்பாள் அவள்? எப்படிச் சமைப்பாள்? ஒன்றும் நினைவில்லை. அப்போதுதான் நாவல்பழம் பொறுக்கப் போயிருந்த குயிலி வந்தாள். குண்டான் சோற்றில் அம்மா வாசனை இல்லை என்று அதைத் தொடாமலே பழம் தின்று கிடந்தவள் அவள்; அதனால் அவள் மட்டும் எதையும் மறக்கவில்லை.

"கத்திரிக்காயைச் சுடுங்கப்பா. அம்மா சுட்டுத்தான் கடையும்."

சுட்டான், கை கொப்பளித்தது. உரித்தான், கடைந்தான், சோற்றில் பிசைந்தான். மூவரும் வாயில் வைத்தார்கள்.

"மருதாயி!" என்று கத்திவிட்டான் சடையன். பொன்னாத்தா ஓடிப்போய் அந்தச் சேலையை இழுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். மூலையில் குண்டான் இரண்டாகப் பிளந்தது.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒருத்தி நறுக்க, ஒருத்தி அடுப்பு ஊத, அவன் கிளறினான். சமையலும் மெல்லக் கைவந்தது. சாப்பிடும்போது யாருக்காவது அழுகை வரும். மற்ற இருவரும் கையை நிறுத்துவார்கள். அழுது முடியும்வரை காத்திருந்து, பிறகு சேர்ந்து சாப்பிடுவார்கள்.