நான்கு கிண்ணமும் ஒரு நீலக்கல்லும்

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாத ஒரு ராஜ்ஜியத்தில், உதயகேசரி என்றொரு ராஜா இருந்தார். கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய படமொன்றைக் காட்டினான். படத்திலிருந்த ஆள் மூச்சு விடுவது போலிருந்தது. ராஜாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

"எனக்கும் இப்படி ஒன்று வேண்டும். இந்தத் தலைப்பாகை நீலக்கல் உட்பட, அச்சு அசலாக!"

சபையின் விகடகவியைக் கண்டாலே ஆகாத அமைச்சர் வித்தகநம்பி பாய்ந்து முன்னால் வந்தார். "நம் விகடகவி சாத்தையன் இருக்கிறாரே, அரசே! அவருடைய தகப்பனார் கோயில் தேர்களுக்கு வர்ணம் பூசியவர். தவறினால் கட்டைவிரலை வெட்டிவிடலாம்."

"ஆகட்டும்," என்றார் ராஜா.

அமைச்சர் கொண்டுவந்து கொடுத்தவை நான்கே வர்ணக் கிண்ணங்கள். வெள்ளை, கருப்பு, மஞ்சள், சிவப்பு.

"நீலம் எங்கே, ஐயா?" என்றான் சாத்தையன்.

"தீர்ந்துவிட்டது அப்பனே. வெளியிலிருந்து ஒரு சொட்டு வந்தாலும் திருட்டு. அதற்கும் அதே விரல்தான்!"

வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்திவிட்டுப் போனார்.

பத்தாம் நாள். சபையில் திரை விலகியது.

ராஜா எழுந்தே நின்றுவிட்டார். அதே மீசை, அதே முறைப்பு. மஞ்சளும் சிவப்பும் குழைந்த செம்மஞ்சள் தலைப்பாகை. அதன் நடுவே பளிச்சென்று நீலக்கல்!

"திருட்டு!" கத்தினார் வித்தகநம்பி. "நான் நீலமே கொடுக்கவில்லை, அரசே!"

ராஜாவின் முகம் மாறியது. "சாத்தையா?"

சாத்தையன் தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தான். நடுவில் நகத்தால் சின்ன ஓட்டை போட்டான். படத்திலிருந்த கல்லின் மேல் வைத்தான்.

"அமைச்சர் பெருமானே, ஓட்டைக்குள் என்ன நிறம்?"

"சாம்பல்..." குரல் இறங்கியது.

இலையை எடுத்தான். நீலம். வைத்தான். சாம்பல்.

"கருப்பும் வெள்ளையும்தான், அரசே. தேர் வேலையில் நீலம் கிடைக்காத நாளில் அப்பா செய்வது. சுற்றிலும் செம்மஞ்சள் நின்றால் சாம்பலுக்கு நீலமாகும் துணிச்சல் வந்துவிடும். நம் அமைச்சர்கூட சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் புத்திசாலியாகத் தெரியவில்லையா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வித்தகநம்பி, நாலடி தள்ளி நில்லும். எப்படித் தெரிகிறீர் என்று பார்க்கிறேன்!"

சிரிப்பு அடங்காமலே தலைப்பாகையிலிருந்த நீலக்கல்லைக் கழற்றி சாத்தையன் கையில் வைத்தார். ஐந்து விரலும் பத்திரமாக இருந்த கை.

சாத்தையன் ஓட்டை இலையை அந்தக் கல்லின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தான்.

"என்னடா பார்க்கிறாய்?"

"அசல்தானா என்று, அரசே!"

ராஜா மறுபடி சிரித்த சிரிப்பு கோட்டை வாசல் வரை கேட்டதாம்.