மூன்றாவது வளைவு

வெகுகாலத்துக்கு முன் கேட்ட ஓர் ஓசை கோதண்டபாணியின் காதை விட்டுப் போகவே இல்லை. சின்னக் கார் ஒன்று மலை வளைவில் ஏற மாட்டாமல் எழுப்புகிற ஓசை. அதை உறுமல் என்று சொல்ல முடியாது. அழுகை என்றும் சொல்ல முடியாது. சளி கட்டிய குழந்தை தூக்கத்தில் அனத்துவது போல இருக்கும். அது தேய்ந்து தேய்ந்து நின்றுபோகும் நேரத்தில் அப்பா சொல்வார், "எல்லாரும் இறங்குங்க."

கதவுகள் திறக்கும். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். அப்பா மட்டும் வண்டியோடு மேலே போய் அடுத்த வளைவில் காத்திருப்பார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவரான கோதண்டபாணிதான் வளர்ந்து, ஒரு கார் கம்பெனியில் புது மாடல்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

பல வருட உழைப்பில் அவர் ஒரு வண்டியை உருவாக்கியிருந்தார். சின்ன வண்டிதான். ஆனால் இஞ்சின் பலமானது. மிதித்தால் துள்ளிப் போகும். சம்பளக்காரர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிவிடக்கூடிய விலை. இப்போது கம்பெனியில் ஒரு யோசனை கிளம்பியிருந்தது. பழைய இஞ்சினையே வைத்துவிடலாம். வெளியே ஒரு சிவப்புக் கோடு, பின்னால் ஒரு சிறகு, தடித்த புகைக்குழாய். பார்க்க வேகமான வண்டி மாதிரியே இருக்கும். விலையும் ஏறாது.

எந்த வண்டி வெளியே போக வேண்டும் என்று திங்கட்கிழமை அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஊர் ஊராகப் போய் மக்களையே கேட்டுப் பார்த்தார். எங்கே போனாலும் பதிலுக்கு ஒரே கேள்வி வந்தது. "எவ்வளவு கொடுக்கும்?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். எவ்வளவு வேகம் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக் கேட்க அவருக்குத் தலை சுற்றியது. யாருக்காக இத்தனை வருடம் உழைத்தோம் என்றே தெரியவில்லை.

அதனால்தான் சேலத்துக்கு, எஸ்தரைத் தேடி வந்தார்.

எஸ்தர் அவரைவிட இளையவர். ஆனாலும் கம்பெனியின் சோதனைப் பிரிவில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர். ஒரு வண்டியை எப்படிப் பார்ப்பது என்பதை எஸ்தருக்குப் பின்னால், பின் சீட்டில் உட்கார்ந்துதான் கோதண்டபாணி கற்றுக்கொண்டார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஏற்காடு அடிவாரத்தில் டிரைவிங் ஸ்கூல் தொடங்கிவிட்டார் எஸ்தர். ஏன் என்று கேட்டவர்களிடம், "ஓட்டத் தெரிஞ்சவங்களையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாராம்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க, கோதண்டம்."

"நம்ம ஊர்ல வேகம் யாருக்கு வேணும்?"

எஸ்தர் சாலையைப் பார்த்தார். "இப்ப ஒரு மலைப் பாடம் இருக்கு. பின் சீட்ல இடம் இருக்கும். வாங்க."

"பதில்?"

"மேலே போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

வந்து நின்றது ஒரு சின்ன வெள்ளைக் கார். ஓட்டி வந்தவர் சென்னிமலை, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரி. லைசென்ஸ் உண்டு, மலைக்குத்தான் பயம். மகளை ஏற்காட்டில் பள்ளி விடுதியில் சேர்த்திருந்ததால் பயத்தை விட்டாக வேண்டியிருந்தது. பின் சீட்டில் அவர் மனைவி பூங்காவனம், மடியில் முறுக்கு டப்பாவோடு.

"சார் யாருங்க?" என்றார் சென்னிமலை.

"கார் செய்றவர்" என்றபடி முன்னால் ஏறினார் எஸ்தர்.

"அடடே! புதுசா என்னங்க வருது? எவ்வளவு கொடுக்கும்?"

கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் பூங்காவனம். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இவங்க வீட்ல முதல் கேள்வி இதேதானுங்க. எவ்வளவு கொடுப்பாங்க?"

"கொடுத்தாங்களா?" என்றார் எஸ்தர்.

"சொன்னதுல பாதி. வண்டியும் அப்படித்தானே?" என்றார் சென்னிமலை. முன்னால் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மலை தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. எஸ்தர் அதிகம் பேசவில்லை. கியர், ஹாரன், அவ்வளவுதான். மூன்றாவது வளைவில் முன்னால் ஒரு பஸ் புகையைக் கக்கிக்கொண்டு ஏறியது. வளைவு முடிந்து சாலை நேரானதும் பஸ்காரர் கையை ஆட்டி வழி விட்டார்.

அப்போது சென்னிமலையின் இடது கை தானாகப் போய், ஈயை ஓட்டுவது போல, ஏசியை அணைத்தது.

காற்று நின்றது. வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பூங்காவனம் கண்ணாடியை இறக்கினாள், புகையும் வந்தது. இஞ்சின் அனத்தத் தொடங்கியது. கோதண்டபாணி நிமிர்ந்தார். அதே ஓசை. யாரையும் இறங்கச் சொல்லாதது ஒன்றுதான் குறை.

கார் பஸ்ஸைத் தாண்டியது. கை மறுபடி போய் ஏசியைப் போட்டது.

பூங்காவனம் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "முந்துறது இவரு. வேர்க்கிறது எனக்கு."

கோதண்டபாணியால் பொறுக்க முடியவில்லை. "எதுக்குங்க அணைச்சீங்க?"

"அணைக்கலேன்னா இழுக்காதுங்களே."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"இதை வேற ஒருத்தர் சொல்லணுங்களா? எல்லாரும் செய்யிறதுதானே."

"விலை கொஞ்சம் கூட. ஆனா நல்லா வேகமாப் போற வண்டி வந்தா வாங்குவீங்களா?"

"எனக்கு எதுக்குங்க வேகம்?" சென்னிமலைக்குக் கூச்சமாகிவிட்டது. "அதெல்லாம் வயசுப் பசங்க சமாசாரம். நான் குடும்பஸ்தன்."

மேலே போய்ச் சேர்வதற்குள் இன்னும் நான்கைந்து இடங்களில் அந்தக் கை போய்ப் போய் வந்தது.

கணவனும் மனைவியும் முறுக்கு டப்பாவோடு விடுதிக்குள் போனார்கள். எஸ்தரும் கோதண்டபாணியும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். மரத்தடி குளிர்ந்திருந்தது.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"மன்னிச்சிடுங்க மேடம். ஆனா கேட்டீங்கல்ல? அவரே வேண்டாங்கிறார்."

"கேட்டேன்."

"ஏசியை அணைச்சு அணைச்சு ஏறுறார். ஏறிக்கிட்டே வேகம் வேண்டாங்கிறார். நான் அவர் வாயை நம்பறதா, கையை நம்பறதா?"

எஸ்தர் காரின் பானெட்டைக் காட்டினார். "தொட்டுப் பாருங்க."

தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "சுடுது."

"ம். ஏறினது இதுதானே."

கோதண்டபாணிக்கு எதுவும் தெளியவில்லை. "சிவப்புக் கோடு போட்ட வண்டியைக் கொடுத்தா சந்தோஷமா வாங்கிக்குவாங்க மேடம்."

"வாங்கிக்குவாங்க."

"அப்ப அதுதானே சரி?"

"மூணாவது வளைவுல என்ன ஆகும்?"

"ஏசியை அணைப்பாங்க."

"கோடு?"

"கோடு அப்படியே இருக்கும்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "நல்ல இஞ்சினைப் போட்டா விலையைக் கேட்டுட்டு எழுந்து போயிடுவாங்க."

"நிறையப் பேர் போவாங்க."

"ரெண்டுக்கும் ஆமான்னு சொல்றீங்களே மேடம். குழம்பிப் போய்த்தான் வந்தேன். இப்ப வந்ததைவிட மோசமா இருக்கேன்."

எஸ்தர் விடுதி வாசலைப் பார்த்தார்.

"உங்க அம்மா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தாங்கன்னு ஒரு தரம் சொன்னீங்களே."

"ஆமா. இந்த மலைதான்."

"அப்ப யாராவது அவங்ககிட்ட வந்து, நல்லா இழுக்கிற வண்டி வேணுமாம்மான்னு கேட்டிருந்தா?"

கோதண்டபாணி யோசித்தார். வெயிலில் சுருங்கிய அந்த முகம் நினைவுக்கு வந்தது. தார் ரோட்டின் சூட்டுக்குப் புல் ஓரமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போன பாதங்கள்.

"வேண்டாம், இருக்கிறது போதும்னுதான் சொல்லியிருப்பாங்க."

"சொல்லியிருப்பாங்க" என்றார் எஸ்தர். "நடந்துக்கிட்டே."

இறங்கி வரும் வழியெல்லாம் கோதண்டபாணி சாலையின் புல் ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அவர் பலமான இஞ்சினுக்கே கையெழுத்துப் போட்டார். வண்டி வெளியே வந்தது, அதிகம் விற்கவில்லை. அவரை லாரிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்துதான் ஓய்வு பெற்றார்.